எஞ்சின் பாரந்தூக்கி (வீட்டுப் பயன்பாடு)

எஞ்சின் பாரந்தூக்கி என்பது காரின் எஞ்சினை, சில வேளைகளில் கியர்பாக்ஸோடு சேர்த்து, வண்டியிலிருந்து எடுக்கவும் திரும்பப் பொருத்தவும் பயன்படும் கருவியாகும். கையால் இழுக்கும் செயின் பிளாக், ஹைட்ராலிக் ஜாக்கியால் இயங்கும் மடக்குக் கிரேன் ஆகிய இரண்டும் இதன் பரவலான வடிவங்கள். வீட்டிலேயே பழைய காரைப் பழுதுபார்ப்பவர்கள் இவ்விரண்டில் ஒன்றையே பெரும்பாலும் நாடுகின்றனர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி இந்தியாவின் முக்கியமான கார் உற்பத்தி மையங்களில் ஒன்று. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலை 2012இலும் தொடங்கின. இத்தகைய ஆலைகளுக்குள் பாரம் தூக்குவது அளந்து செய்யும் வேலை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29ஆவது பிரிவில், பாரந்தூக்கிகளையும் சங்கிலி, கயிறுகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும், பாதுகாப்பான சுமையளவைக் கருவியின் மீதே தெளிவாகக் குறிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆலையின் மதிலுக்கு வெளியே, வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை. வாங்குபவரும் அவரே, சோதிப்பவரும் அவரே, எஞ்சினுக்கு அடியில் கையை விடுபவரும் அவரே.

மலிவாகத் தேடும்போது பலரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை டன்?" என்பது. சிறிய கார்களைப் பொறுத்தவரை இது அவ்வளவு முக்கியமான கேள்வி அல்ல. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய தூக்கியே எஞ்சினின் எடையைத் தாராளமாகத் தாங்கும். அந்தத் தூக்கி எதில் தொங்குகிறது, எந்தத் தரையில் நிற்கிறது, எஞ்சின் அதில் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பவையே ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. செலவழிக்கும் பணமும் அங்கேதான் போக வேண்டும்.

மேலே தூக்குவதா, கீழே இறக்குவதா

தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் பேச்சில் எஞ்சினைக் கழற்றுவதற்கு "எஞ்சின் இறக்குவது" என்றே பெயர். அம்பாசடர், மாருதி 800 போன்ற வண்டிகளில் எஞ்சின் உண்மையில் மேலே தூக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. ஆனால் இன்றைய முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றுக்கு இந்தச் சொல் நேரடியாகவே பொருந்தும். இவ்வகைக் கார்களின் ஆலைகளில் பொதுவாக எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சப்ஃபிரேம் ஆகியவை ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, மேலே நிறுத்தப்பட்ட பாடிக்குள் கீழிருந்து ஏற்றிப் பொருத்தப்படுகின்றன. கீழ்வழியாக ஏறியதைக் கீழ்வழியாக இறக்குவதே எளிது. பல மாடல்களின் சர்வீஸ் மேனுவலும் அதையே சொல்கிறது.

எனவே தூக்கி வாங்குமுன் பார்க்க வேண்டியது அந்த மேனுவலைத்தான். எஞ்சின் கீழே இறங்கும் வண்டி என்றால், காரின் முன்பகுதியைப் போதிய உயரத்துக்கு உயர்த்தி நிறுத்தும் உறுதியான ஸ்டாண்டுகளும், எஞ்சின் வந்து அமரத் தாழ்வான தள்ளுவண்டியும் தேவைப்படும். கிரேனுக்குத் தனியாகப் பணம் போட்டும் அந்தச் செலவு மிச்சமாகாது. கிளட்ச் பிளேட் மாற்றுவது போன்ற வேலைகளுக்குப் பல கார்களில் எஞ்சினை எடுக்கவே வேண்டியதில்லை. பானெட்டின் இரு ஓரங்களிலும் ஊன்றி எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் குறுக்குக் கம்பி ஒன்றிருந்தால், கியர்பாக்ஸை மட்டும் இறக்கிவிடலாம். அது கிரேனைவிட மிக மலிவு.

எஞ்சினை எடுத்தே ஆக வேண்டிய நிலைகளில் வெள்ளமும் ஒன்று. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிய இப்பகுதிக்கு 2015 டிசம்பர் மழை நல்ல நினைவு. நீரில் நின்ற காரை அப்படியே ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியின் சந்தை மதிப்பைவிடப் பழுதுச் செலவு கூடும்போது, சொந்தக் கையால் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

எடை

மாருதி 800, ஆல்ட்டோ போன்றவற்றின் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 100 கிலோவுக்குள் அடங்கும். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் 150 கிலோவை ஒட்டி வரும். சிறிய டீசல் கார்களில் இது 200 கிலோவைத் தொடலாம். பொலேரோ, சுமோ வகை வண்டிகளின் டீசல் எஞ்சின் கியர்பாக்ஸோடு இன்னும் அதிகம். ஆக, அரை டன் செயின் பிளாக்கே பெரும்பாலான கார்களுக்குப் போதும். சிக்கிய மவுண்டிங் ஒன்றைக் கழற்ற மறந்து இழுக்கும்போது எடையைவிடப் பல மடங்கு விசை ஏறும் என்பதால் ஒரு டன் வாங்குவது நல்லது. அதற்கு மேல் தேவையில்லை.

செயின் பிளாக்கும் அது தொங்கும் இடமும்

விலையைப் பார்த்தால் செயின் பிளாக்கே முதலிடம். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மடக்குக் கிரேனுக்கு அதைப் போல் பல மடங்கு ஆகும். கைச் சங்கிலியை விட்டாலும் உள்ளிருக்கும் பிரேக் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக, ஓரிரு மில்லிமீட்டர் கணக்கில்கூட இறக்கலாம் என்பதால், எஞ்சினைத் திரும்பப் பொருத்தும்போது மவுண்டிங் துளைகளை நேர்படுத்துவதற்கு இதைவிட வசதியான கருவி இல்லை. கையால் இயக்கும் செயின் பிளாக்குகளுக்கு ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. வாங்கும்போது அந்த எண், சுமையளவு, தயாரிப்பாளர் பெயர், வரிசை எண் ஆகியவை பொறித்த தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுமைச் சங்கிலியின் கண்ணிகளில் 80 அல்லது 8 என்ற பொறிப்பு இருந்தால், அது பாரம் தூக்குவதற்கென்றே செய்யப்பட்ட 80ஆம் தரக் கலப்பு எஃகு. பொறிப்பில்லாத பளபளப்பான சங்கிலி, மாட்டைக் கட்ட உதவும்.

செயின் பிளாக் மலிவாக இருப்பதற்குக் காரணம், அதில் பாதிக் கருவிதான் இருக்கிறது. மற்றப் பாதி அதைத் தாங்கும் சட்டம். சாலையோரப் பட்டறைகளில் வேப்பமரக் கிளையில் பிளாக்கை மாட்டி எஞ்சின் எடுக்கும் வழக்கம் இருந்தது. கிளைக்கு யாரும் சுமையளவு எழுதி வைப்பதில்லை. உள்ளே கரையான் அரித்த கிளையும் வெளியே பச்சையாகவே தெரியும். முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்குள் பலரின் கண் முதலில் போவது கூரையிலுள்ள கொக்கி மீது. மின்விசிறிக்காக கான்கிரீட்டில் பதித்த கம்பி, சில கிலோ எடைக்கானது. ஊஞ்சல் கொக்கி அதைவிட உறுதியானது என்றாலும், அது பீமில் பதிந்திருக்கிறதா, வெறும் தளத்தில் பதிந்திருக்கிறதா, உள்ளே கம்பி எப்படி வளைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டியவரே அறிவார். கார் நிறுத்தும் தகரக் கொட்டகையின் இரும்புக் குழாய்களோ தகரத்தையும் காற்றையும் தாங்க அமைக்கப்பட்டவை. நடுவில் 150 கிலோவைத் தொங்கவிட்டால் குழாய் வளையும். வளைந்த குழாய் திடீரென்று மடங்கும்.

எனவே தனிச் சட்டம் தேவை. அதன் உயரத்தைக் கணக்கிடுவது கடினமல்ல. காரின் முன் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி. அதைத் தாண்டித் தொங்கும் எஞ்சினின் உயரம் 2 அடி. கட்டும் பெல்ட்டுக்கு 1 அடி. முழுவதும் ஏற்றிய நிலையில் பிளாக்கின் மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் இடையே 1 அடிக்குச் சற்று மேல். கூட்டினால் 7 அடியைத் தாண்டுகிறது; சற்று இடம் விட்டு 8 அடி வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதி ரேடியேட்டர் சட்டத்தைத் தாண்டாமல் அந்தரத்தில் நின்றுவிடுவது, உயரத்தைக் குறைவாகக் கணக்கிட்டவர்கள் எல்லோருக்கும் நேர்வது.

இரும்புக் குழாயால் ஆன முக்காலி மலிவானது. காரின் அகலத்துக்குக் கால்களை விரித்தால் அவை இன்னும் விரியப் பார்க்கும் என்பதால், மூன்று பாதங்களையும் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைப்பது அவசியம். முக்காலியின் பெரிய குறை, எஞ்சினைத் தூக்கிய பிறகு பக்கவாட்டில் நகர்த்த முடியாது என்பது. எஞ்சின் அங்கேயே தொங்க, காரைப் பின்னே தள்ள வேண்டும். அதற்கு வாசலில் இடம் இருக்க வேண்டும்.

இரு பக்கமும் ஏ வடிவக் கால்களும் மேலே ஒரு ஐ-பீமும் கொண்ட கேன்ட்ரியை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை சுற்றுவட்டாரத்தில் உள்ள வெல்டிங் பட்டறைகளில் சொல்லிச் செய்துகொள்ளலாம். 8 அடி நீளத்துக்கு 100 மில்லிமீட்டர் உயர ஐ-பீம் அரை டன்னைச் சிரமமின்றித் தாங்கும். ஆகவே பீமைத் தடிமனாக்கச் செலவிடுவதில் பயனில்லை. பலவீனம் பீமும் காலும் சேரும் மூலையில் இருக்கும். கேன்ட்ரியைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஏற்படும் ஆட்டத்தை அந்த மூலைகளின் குறுக்குத் தாங்கிகள்தாம் பிடிக்கின்றன. அங்கே போட்ட வெல்டிங் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாது. எஞ்சினைத் தொடுமுன், அதைவிட அதிக எடையுள்ள மணல் மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் உயர்த்தி, யாரும் அடியில் இல்லாமல், சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். விழுந்தால் மூட்டைதான் விழும்.

மடக்குக் கிரேன்

மடக்குக் கிரேனின் கை நீளக்கூடியது. இரண்டு டன் என்று எழுதியிருக்கும் கிரேனின் கையை முழுவதும் நீட்டினால் அதன் அளவு பெரும்பாலும் அரை டன்னாகக் குறைந்துவிடும். கையின் மீதே துளைக்குத் துளை இந்த அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். காரின் மூக்கைத் தாண்டி எஞ்சினை எட்ட நீட்டியே ஆக வேண்டும் என்பதால், வாங்குபவருக்குப் பயன்படும் எண் அந்தக் கடைசித் துளையின் எண்தான். சிறிய காருக்கு அதுவும் போதும்.

இக்கருவிக்கு வீட்டில் அமையும் எதிரி தரை. சிறிய இரும்புச் சக்கரங்கள் மட்டமான சிமெண்ட் தளத்தில் மட்டுமே உருளும். பேவர் பிளாக் இடுக்கில் ஒரு சக்கரம் சிக்கினால், மேலே தொங்கும் எஞ்சின் ஊஞ்சலாடி முழுக் கிரேனையும் சாய்க்கும். ஏரிப் பாசன நிலங்கள் மனைகளான இடங்களில், மழைக்குப் பின் மண் தரையைப் பற்றி யோசிக்கவே கூடாது. கிரேனின் கால்கள் முன் பம்பருக்கு அடியில் நுழையுமா என்பதையும் டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும். ஜாக்கியின் ஆயில் சீல் மெல்லக் கசியக்கூடியது. ஆகவே எஞ்சினை இரவு முழுவதும் கிரேனில் தொங்கவிட்டுப் போகக் கூடாது. இறக்கும் வால்வை நூல் நூலாகத் திறக்க வேண்டும். செயின் பிளாக்கின் பொறுமை இதற்கு இல்லை.

கட்டுதல்

எஞ்சினில் ஆலையே பொருத்திய தூக்குக் கொக்கிகள் இருந்தால் அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிடில் சிலிண்டர் ஹெட்டில் உறுதியான துளைகளில், 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டுகளைக் கொண்டு கட்டலாம். பைக் செயின், நைலான் கயிறு, கிணற்றுக் கயிறு ஆகியவை இதற்கு ஆகாது. பெல்ட்டின் இரு கால்களும் எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவு இழுவை கூடும்; இரண்டுக்கும் இடையே 120 பாகை விரிந்தால், ஒவ்வொரு காலும் எஞ்சினின் முழு எடையையும் தாங்க வேண்டியதாகிறது. உயரம் போதவில்லை என்று பெல்ட்டைக் குட்டையாகக் கட்டுபவர்கள் அறியாமல் செய்வது இதைத்தான்.

வாடகையும் பழைய கருவியும்

சொந்தக் காருக்கு எஞ்சின் எடுக்கும் வேலை பல ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்தால் அதிகம். தெரிந்த பட்டறையிலிருந்து ஒரு நாள் வாடகைக்குக் கிரேனை எடுப்பது பலருக்கும் போதுமானது. எடுக்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள் என்று இரு முறை வாடகை கொடுத்தாலும் வாங்கும் விலைக்கு அருகில் வராது.

பழைய செயின் பிளாக் வாங்குபவர்கள், அது ஆலையின் கழிவுச் சாமானாக வெளிவந்ததா என்று விசாரிக்க வேண்டும். ஆண்டுச் சோதனையில் தோற்றதால் கழிக்கப்பட்ட பிளாக்காக அது இருக்கலாம். கொக்கியின் வாய் விரிந்திருப்பது, அதன் தாழ்ப்பாள் உடைந்திருப்பது, கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் தேய்ந்து மெலிந்திருப்பது ஆகியவை கண்ணால் காணக்கூடிய அடையாளங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த கொக்கியில் இவை எளிதில் தெரியாது. சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.