காற்றில் போகும் செய்தி – 9: பாலத்தடியில் ஒரு மாட்யூல்

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னை கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. அதிலிருந்து, ஆற்றின் மட்டத்தைத் தானாகவே அளந்து சொல்லும் கருவிகள் மேல் எனக்குத் தனி அக்கறை. கோட்டூர்புரம் பாலத்தடியில் அப்படி ஒன்றை வைப்பதாகக் கொள்வோம். மட்டத்தை அளக்க ஒரு சென்சார், ஒரு பேட்டரி, அளவைக் கரைக்கு அனுப்ப விரலகல லோரா மாட்யூல்; குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ அது. கல்லூரி மாணவர்களே செய்துவிடலாம். கோட்டை விடுவது பெரும்பாலும் அந்த மாட்யூலில்தான்.

லோரா மாட்யூல்கள் பலவற்றில் இருப்பது செம்டெக்கின் எஸ்எக்ஸ்1276 சிப். 137 முதல் 1020 மெகாஹெர்ட்ஸ் வரை அது வேலை செய்யும். அதனால், "எந்த மாட்யூலா இருந்தா என்ன, புரோகிராம்ல மாத்திக்கலாம்" என்ற பேச்சு எளிதாக வந்துவிடுகிறது. ஆனால் சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே கடுகளவில் சில காயில்களும் கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. அவை ஒரே ஒரு அலைவரிசைப் பட்டைக்கென்று பொறுக்கி வைத்தவை. 433-க்குச் செய்த மாட்யூலை 866-இல் ஓட்டினால், சக்தியில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேராது. பெட்டியும் முக்கியம். 866-இல் கால் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர், அந்த நீளக் கம்பி உலோகத்தை விட்டு விலகி நிற்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் பூட்டினால் செய்தியும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2005-இல் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது; 2021-இல் 868 வரை நீண்டது. அமெரிக்காவில் இப்படி உரிமமின்றித் திறந்திருப்பது 902–928. அங்கே சான்று பெற்ற 915 மாட்யூலில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதை இங்கே ஓட்டினால் சிக்கல்: 890 முதல் 915 வரை, இங்கே கைபேசி கோபுரத்திடம் பேசும் இடம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர் உதவி கேட்டு அழைக்கும்போது, வெள்ளத்தைச் சொல்ல வைத்த கருவியே குறுக்கே பேசலாம். இதைச் சின்ன விதிமீறல் என்று ஒதுக்க என்னால் முடியாது.

உரிமம் வேண்டாம் என்றால் சோதனையும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ என்ற கருவி வகை ஒப்புதல் இங்கே தேவை. அதற்கு ஆதாரம் ஆய்வகச் சோதனை அறிக்கை. மாட்யூலை எந்த ஆன்டெனாவோடு சோதித்தார்களோ அதற்குத்தான் அந்த அறிக்கை பேசும். தூரம் போதவில்லை என்று பெரிய ஆன்டெனாவை மாட்டிவிட்டால், கையிலிருக்கும் காகிதம் வேறொரு கருவியுடையது. மின்காந்தக் குறுக்கீட்டைச் சோதிக்கத் தொலைவு போக வேண்டாம். தரமணியிலேயே சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது.

மாட்யூல் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும் மாணவர்களே, விலையைக் கேட்கும் முன் அலைவரிசைப் பட்டையையும் ஈடிஏ எண்ணையும் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.