மஹ்துத் தஹப்: மண்ணுக்குக் கீழே இருப்பது யாருக்குச் சொந்தம்?

மதீனாவுக்குத் தென்கிழக்கே, ஹிஜாஸின் மலைப் பாங்கான நிலத்தில் மஹ்துத் தஹப் என்றோர் ஊர் இருக்கிறது. ‘தங்கத்தின் தொட்டில்’ என்பது அதன் பொருள். பழைய அரபு நூல்களில் வரும் ‘மஃதின் பனீ ஸுலைம்’, அதாவது பனீ ஸுலைம் கோத்திரத்தாரின் சுரங்கம், இதுதான் என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. ஈராக்கிலிருந்து மக்காவுக்கு வரும் ஹஜ் பாதையில் இது ஒரு தங்குமிடம். எங்கட ஆக்களில் எத்தனையோ பேர் ஹஜ், உம்றா என்று போய் வந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பெயரைச் சொன்னால் “அது எங்க ஈக்கிது?” என்றுதான் கேட்கிறார்கள்.

அங்கே பாறையை ஊடறுத்து வெண்கல் நரம்புகள் ஓடுகின்றன. தங்கம், வெள்ளி, செம்பு, நாகம், ஈயம் எல்லாம் அந்த நரம்புகளில் கலந்தே கிடக்கின்றன. ஏறத்தாழ மூவாயிரம் வருடங்களுக்கு முன்பே மனிதர் அங்கே தோண்டியிருக்கிறார்கள். அப்பாஸிய காலத்திலும் வேலை நடந்தது. ஆனால் என் அக்கறை தோண்டியெடுத்த அளவில் அல்ல. மண்ணுக்குக் கீழே இருப்பதில் யாருக்கு உரிமை, அந்த உரிமையோடு என்ன கடமை வருகிறது என்ற கேள்விக்கு ஹிஜாஸ் ஆரம்பத்திலேயே முகம் கொடுத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் கபலிய்யா என்ற பகுதியின் சுரங்கங்களை பிலால் இப்னுல் ஹாரிஸ் (ரழி) அவர்களுக்கு வழங்கினார்கள். “அதான் சொன்ன பிலால் தானே?” என்று கேட்க வேண்டாம். இவர் முஸைனா கோத்திரத்தைச் சேர்ந்த வேறொரு ஸஹாபி. அகீக் என்ற நிலமும் இவருக்குக் கிடைத்திருந்தது. கலீபா உமர் (ரழி) அவர்களின் காலத்தில் அதில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. உழைத்துப் பயன்பெறத்தான் அது தரப்பட்டது, மற்றவர்களைத் தடுத்து வைக்க அல்ல என்று சொல்லி, அவரால் பராமரிக்க முடிந்ததை மட்டும் விட்டுவிட்டு மிகுதியைக் கலீபா திருப்பி எடுத்தார்கள்.

அடுத்த சம்பவம் பிலாலின் சந்ததியினரோடு சம்பந்தப்பட்டது. அவர்கள் ஒரு நிலத்தை உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு விற்றார்கள். பிறகு அந்த நிலத்தில் சுரங்கம் வெளிப்பட்டது. “நாங்க விற்றது பயிர் செய்யிற நிலத்தை, சுரங்கத்தை இல்லை” என்று நபியவர்களின் எழுத்தோடு வந்து நின்றார்கள். உமர் அந்த எழுத்தை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பின்னர் தமது காரியஸ்தரிடம், சுரங்கத்தில் வந்தது எவ்வளவு, செலவழிந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, செலவைக் கழித்து மிகுதியைக் கொடுக்கச் சொன்னார்கள். இதை பலாதுரி பதிவு செய்திருக்கிறார். மேல்நிலம் வேறு, கீழே உள்ளது வேறு என்ற பிரிவு அன்றே வந்துவிட்டது.

ஹிஜ்ரி 105இல் (கி.பி. 723) அச்சான ஓர் உமையா தீனாரில் ‘அமீருல் முஃமினீனின் ஹிஜாஸ் சுரங்கம்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. அந்தத் தங்கம் பனீ ஸுலைம் சுரங்கத்திலிருந்து வந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 2011இல் இலண்டன் ஏலமொன்றில் அத்தகைய தீனார் ஒன்று 30 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது.

உரிமையோடு வரும் கடமையில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ‘ரிகாஸ்’ எனும் புதையலில் ஐந்தில் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது ஹதீஸ். சுரங்கமும் ரிகாஸ்தான் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. ஆகவே உருக்கக்கூடிய செம்பு, இரும்பு என்பவற்றிலும் ஐந்தில் ஒன்று. சுரங்கம் வேறு, புதையல் வேறு என்பது ஷாபிஈ மத்ஹப். அதன்படி தங்கமும் வெள்ளியும் நிஸாபை அடைந்தால் நாற்பதில் ஒன்று. வருடம் பூர்த்தியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. செம்புக்குச் சுரங்க ஸகாத் இல்லை. மஹ்துத் தஹபில் ஒரே கல்லிலிருந்து தங்கமும் வருகிறது, செம்பும் வருகிறது. அப்படியானால் ஒரே கல்லுக்கு இரண்டு சட்டம்!

பல நூற்றாண்டுகள் கைவிடப்பட்டிருந்த இடத்தை 1930களில் மன்னர் அப்துல் அஸீஸின் அனுமதியோடு அமெரிக்கப் பொறியியலாளர் கார்ல் ட்விட்செல் பார்வையிட்டார். அவர் முதலில் அரேபியாவுக்கு வந்தது தண்ணீர் தேடி. 1939 முதல் 1954 வரை ஒரு வெளிநாட்டுக் கூட்டு நிறுவனம் பழைய கழிவு மேடுகளையும் நிலத்தடி நரம்புகளையும் வேலை செய்து, ஏறத்தாழ 765,000 அவுன்ஸ் தங்கமும் 10 இலட்சம் அவுன்ஸ் வெள்ளியும் எடுத்தது. 1988இல் சுரங்கம் மீண்டும் திறந்தது. இன்று அதை நடத்துவது சவூதி அரசு உருவாக்கிய மஆதின் நிறுவனம்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையல்ல. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் காணிக்காரருக்கு ஒரு பங்கு, லைசன்ஸ்காரருக்கு ஒரு பங்கு, தண்ணி இறைக்கிற மெஷினுக்கு ஒரு பங்கு, உள்ளே இறங்கி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். பேருவளை வியாபாரிகள் “கல்லுக்கு ஸகாத் ஈக்கா?” என்று ஆலிம்களிடம் கேட்பதும் வழக்கம். ஷாபிஈ மத்ஹபில் மாணிக்கத்துக்குச் சுரங்க ஸகாத் இல்லை. வியாபாரச் சரக்கானால் வியாபார ஸகாத் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: குழிக்குள் இறங்கியவனின் கணக்கு ஒழுங்காகத் தீர்ந்ததா? உமர் இப்னு அப்துல் அஸீஸ் முதலில் கேட்டது கணக்கைத்தான்.