பதினேழாம் குரோமோசோமில் ஒரு தடயம்

சில குடும்பங்களில் பாட்டி, தாய், மகள் என அடுத்தடுத்த தலைமுறைப் பெண்களை மார்பகப் புற்றுநோய் தாக்குவதுண்டு, அதுவும் இளவயதிலேயே. இதற்குக் காரணம் யாது? 1970களில் வைரசே காரணமாகலாம் எனக் கருதிய அறிஞர் பலர். மரபுவழியாக வருவது என்றோர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங். கல்லூரியில் அவர் பயின்றது கணிதம். அப்பயிற்சியே பின்னர் கைகொடுத்தது. நோயுற்றோரின் குடும்பக் கொடிவழிகளைத் தொகுத்து, அவர்களிடையே நோயுடன் சேர்ந்தே தொடரும் மரபுக் குறியீடு எது எனத் தேடினார். பல்லாண்டுகள் கடந்தன. எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகக் கலந்து நோக்கியபோது விடை மங்கலாகவே இருந்தது. நோய் கண்ட வயதின்படி குடும்பங்களை வரிசைப்படுத்தியதும், இளவயதில் நோயுற்றோர் குடும்பங்களில் தடயம் 17ஆம் குரோமோசோமில் தெளிவாகப் புலப்பட்டது. 23 குடும்பங்களை ஆராய்ந்து பெற்ற இம்முடிவு 1990இல் வெளியானது. 1994இல் வேறொரு குழுவினர் அம்மரபணுவையே பிரித்தெடுத்தனர். அதன் பெயர் பி.ஆர்.சி.ஏ.1.

பெயரைக் கேட்டு, இதனை நோயை உண்டாக்கும் மரபணு என எண்ணிவிடலாகாது. இது நம் அனைவரிடமும் உள்ளது. உயிரணுவில் அறுந்துபோகும் டி.என்.ஏ. இழைகளைச் செப்பனிட உதவுவதே இதன் பணி. தறியில் அறுந்த நூலை முடிச்சிடும் நெசவாளியின் கை போன்றது. அக்கை தளர்ந்தால் பழுதுகள் தேங்கும். உயிரணு கட்டுப்பாடிழந்து பெருகக்கூடும்.

அமெரிக்கப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. இம்மரபணுவில் தீங்கான பிழையுடையோரில் அவ்வெண்ணிக்கை 60க்கும் மேல். ஆயினும் பிழையுடைய அனைவரும் நோயுறுவதில்லை. அன்றியும், மார்பகப் புற்றுநோயாளருள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே நோய் மரபுவழிப் பிழையால் வருகிறது. ஆகவே, சோதனையில் பிழை இல்லை எனத் தெரிந்தவரும் வழக்கமான பரிசோதனைகளைக் கைவிடலாகாது.

பிழை இருப்பதை முன்னரே அறிந்த பெண், இளவயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்துகொள்ளலாம், மருத்துவருடன் ஆராய்ந்து, தடுப்பு அறுவையையும் தேர்ந்தெடுக்கலாம். நடிகை ஏஞ்சலினா ஜோலி அவ்வாறு தேர்ந்ததை 2013இல் வெளிப்படையாக எழுதினார். எளிய முடிவன்று அது.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இப்பிழை தாய்வழி மட்டுமே வருவதன்று. தந்தையிடம் இருப்பினும், மகனாயினும் மகளாயினும் அதனைப் பெறும் வாய்ப்பு சரிபாதி. ஆதலால் குடும்ப வரலாற்றைக் கேட்கும் மருத்துவரிடம், அம்மாவைப் பற்றியும் சித்தி, பெரியம்மாவைப் பற்றியும் கூறுவதோடு நில்லாமல், அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் அத்தைமார்க்கும் என்ன நேர்ந்தது என்பதையும் கூறுதல் வேண்டும்.