பன்னிரண்டாவது பெயர்

இரணைமடுவில் எங்கள் வீட்டு விறாந்தை பின்னேரங்களில் எங்களுக்குச் சொந்தமில்லை. விளையாடி முடிந்து வருகின்ற பெடியள் புழுதிக் காலோடு அங்கேதான் வந்து இருப்பார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன். தேத்தண்ணி குடித்தபடி அவர்கள் போடுகின்ற சத்தத்தைக் கேட்டு, காணிச் சண்டையோ என்று வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் சண்டை காணிக்கு அல்ல. மான்செஸ்டர் யுனைட்டெட் என்ற இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகத்தில் இதுவரை விளையாடியவர்களுள் மிகச் சிறந்த பதினொரு பேர் யார் என்பதற்காகத்தான் அந்தச் சண்டை.

வேலை இல்லாதவர்களின் கதை என்றே நானும் முதலில் நினைத்தேன். அதே கேள்வி எங்கள் ஊர்க் கழகத்தைப் பற்றி எழுந்து, எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றபோதுதான் அதன் பாரம் எனக்கு விளங்கியது.

பதினொரு இடம்தான்

உதைபந்தாட்டம் பற்றி அதிகம் அறியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு அணியில் பதினொரு பேர். அதில் ஒருவர்தான் கோல் காப்பாளர். மற்றப் பத்துப் பேரும் பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை என்று பிரிந்து நிற்பார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கழகமொன்றில் நூற்றுக்கணக்கானோர் விளையாடியிருப்பார்கள். ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொருவரை வெளியே எடுக்க வேண்டும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

உலக மட்டத்திலும் இந்த வாதம் உண்டு. 2020 ஆம் ஆண்டு கொரோனா காரணமாக, ஆண்டின் சிறந்த வீரருக்கான 'பலோன் டோர்' விருது வழங்கப்படவில்லை. அதை வழங்கும் பிரெஞ்சுச் சஞ்சிகை அந்த ஆண்டு, எல்லாக் காலத்துக்குமான பதினொருவரைத் தெரிவு செய்து வெளியிட்டது. பேலே, மரடோனா, மெஸ்ஸி எல்லோரும் அதில் இருந்தார்கள். கோல் காப்பாளர் இடம் ரஷ்யாவின் லெவ் யாஷினுக்குப் போனது.

எங்கள் விறாந்தையிலும் பெரிய சண்டை கோல் காப்பாளர் இடத்துக்குத்தான். ஒரு பக்கம் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஷ்மைக்கல். 1999 இல் ஒரே பருவத்தில் மூன்று பெரிய கிண்ணங்களை வென்ற அணியின் காப்பாளர் அவர். மறுபக்கம் நெதர்லாந்தின் எட்வின் வான் டெர் சார். 2008 இல் மொஸ்கோவில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் கடைசித் தண்ட உதையைத் தடுத்துக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தவர்.

"அது மட்டுமில்லை, லீக் போட்டியளில 1311 நிமிசம் ஒரு கோலும் விடேல்லை. 2008 நவம்பரில இருந்து 2009 மார்ச் 4 வரைக்கும்!" என்றான் மகன்.

நான் அடுப்படியில் நின்று அந்த மாதங்களை எண்ணிப் பார்த்தேன். அந்த நாட்களில் நாங்கள் இரணைமடுவை விட்டு வெளிக்கிட்டு, தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று தறப்பாளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தோம். மகனுக்கு அப்போது இரண்டு வயது. அவனைத் தோளில் சுமந்து வந்தவன் என் தம்பி. அவனும் ஒரு கோல் காப்பாளன்.

இருபத்தொரு வயதில் போனவர்

மான்செஸ்டர் அணிப் பட்டியலில் பெடியள் ஒருவரும் சண்டை பிடிக்காமல் சேர்க்கின்ற பெயர் ஒன்று உண்டு. டங்கன் எட்வேர்ட்ஸ். 1958 பெப்ரவரி 6 ஆம் திகதி, பெல்கிரேட்டில் விளையாடிவிட்டுத் திரும்பிய அந்த அணியின் விமானம், ஜேர்மனியின் மியூனிக் நகரில் பனிச்சேற்று ஓடுபாதையில் மூன்றாவது தடவையாக எழும்ப முயன்றபோது விபத்துக்குள்ளானது. இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் எட்டுப் பேர் அணி வீரர்கள். எட்வேர்ட்ஸ் பதினைந்து நாட்கள் வைத்தியசாலையில் உயிருக்குப் போராடி இறந்தார். அவருக்கு வயது 21 தான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1968 இல் அதே கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. விபத்தில் தப்பிய பயிற்றுநர் மட் பஸ்பி அப்போதும் பொறுப்பில் இருந்தார். விபத்தில் தப்பிய பொபி சார்ல்ட்டன் அந்த இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள் போட்டார்.

"முழுசா விளையாடி முடிக்காத ஆளை எப்படி எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் எண்டு சொல்லலாம்?" என்று நான் கேட்டேன்.

"அவர் விளையாடினதை வைச்சுத்தான் அம்மா. விளையாட விடாததை வைச்சு இல்லை" என்றான் மகன்.

திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த என் அம்மா கையை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ளையை எங்க தாட்டவை?" என்று கேட்டார்.

"சொந்த ஊரிலதான் அம்மம்மா. டட்லி எண்ட இடம். இப்பவும் சனம் போய்ப் பார்க்குமாம்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. பாக்கை இடிக்கத் தொடங்கினார்.

எங்கள் கழகத்துக்கு ஒரு மலர்

இதற்குச் சில வாரங்களின் பின் எங்கள் ஊர்க் கழகம் ஆண்டு நிறைவு மலர் ஒன்றை வெளியிட முடிவு செய்தது. அதில் கழகத்தின் சிறந்த பதினொருவரையும் போடுவதாகத் தீர்மானித்தார்கள்.

ஆனால் எதை வைத்துத் தெரிவு செய்வது? கழகத்தின் பதிவுப் புத்தகம், கிண்ணங்கள், படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. காலங்களும் ஒன்றுபோல் இல்லை. எண்பதுகளில் அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு விளையாடியவர்கள் ஒரு அணி. 1996 இல் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இருந்த காலத்தில் விளையாடியவர்கள் இன்னொரு அணி. அப்போது புதுப் பந்து கிடைக்காது. பிய்ந்த பந்தைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துத்தான் அடித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணம் வரை போய் விளையாடியவர்கள் மூன்றாவது அணி. என் தம்பி அந்த அணியில் இருந்தான். மீள்குடியேறிய பின் வளர்ந்தவர்கள் நான்காவது அணி.

"பூட்ஸ் போட்டு விளையாடினவனையும் வெறுங்காலோட விளையாடினவனையும் எப்பிடி ஒரு தராசில வைக்கிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

கொப்பியில் இல்லாதது நெஞ்சில் இருந்தது

ஆண்கள் கோல்களை நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் ஆண்டுகளை மறந்துபோனார்கள். ஒரு இறுதியாட்டம் 2003 இலா 2004 இலா என்று இரண்டு நாட்கள் வாதம் நடந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு சகோதரி. அவரது கணவர் அந்த அணியின் நடுவரிசை வீரர். போரில் இறந்துவிட்டார்.

"என்ர மூத்தவளுக்கு முப்பத்தொண்டு கழிச்ச அண்டைக்குத்தான் அந்த மட்ச். இவர் கோயிலுக்கும் வராமல் கிறவுண்டுக்குப் போட்டார் எண்டு நான் மூண்டு நாள் கதைக்கேல்லை" என்றார். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். 2004 தான்.

அதன்பின் நிர்வாகத்தினர் எங்கள் வீடுகளுக்கும் வரத் தொடங்கினார்கள். யாருடைய சேர்ட்டில் எந்த இலக்கம் இருந்தது என்பது அதைத் தோய்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. யார் எந்த ஆண்டு கால் முறிந்து கிடந்தார் என்பது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்து ஒரு கொப்பி நிறைய எழுதிக் கொடுத்தோம். அழுகையும் வந்தது. சிரிப்பும் வந்தது. கனகாலத்துக்குப் பிறகு, செத்த விதத்தைப் பற்றிக் கதைக்காமல், வாழ்ந்த விதத்தைப் பற்றிக் கதைத்தோம்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த பாடசாலைப் பிள்ளை ஒருத்தி, "அன்ரி, இதில ஒரு பொம்பிளையும் இல்லையே?" என்று கேட்டாள். அவள் தன் பாடசாலை அணியில் விளையாடுபவள். நியாயம்தான். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கை மட்டத்தில் வென்ற செய்திகளை நாங்கள் வாசித்திருக்கிறோம். எங்கள் காலத்தில் எங்கள் ஊரில் பெண்களுக்கு அணியே இருக்கவில்லை.

இங்கிலாந்திலும் கதை அப்படித்தான் இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரஸ்ரன் நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஒரு அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26 ஆம் திகதி லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே, உதைபந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது அந்நாட்டுச் சங்கம். அந்தத் தடை சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது. அந்த அணியின் லிலி பார் என்ற வீராங்கனைக்குத் தேசிய உதைபந்தாட்ட அருங்காட்சியகத்தின் புகழ்பெற்றோர் வரிசையில் இடம் கிடைத்தது 2002 இல்தான். அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு. அடுத்த மலரில் தன் பெயர் வரவேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு சொல்

கடைசியில் பட்டியல் முடிவானது. பதினொரு பேரில் நால்வர் வெளிநாட்டில். நால்வர் இறந்துவிட்டார்கள். இருவர் ஊரில் இருக்கிறார்கள். ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. கோல் காப்பாளராக எண்பதுகளில் விளையாடிய, இப்போது கனடாவில் இருக்கும் அண்ணையைத் தெரிவு செய்தார்கள். என் தம்பியைப் பன்னிரண்டாவதாக, மேலதிகக் காப்பாளராகப் போட்டார்கள். எனக்கு மனம் நொந்தது உண்மை. ஆனால் அக்காவின் வாக்கை யார் கணக்கெடுப்பார்கள்?

செயலாளர் தட்டச்சு செய்த தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குக் கண் தெளிவில்லை. என்னை வாசிக்கச் சொன்னார். இறந்தவர்களின் பெயர்களுக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது. வாசித்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாவது பெயரில் வாய் அடைத்தது. அங்கும் அந்தச் சொல் இருந்தது. அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வாசித்தேன்.

"அவனுக்கு முன்னால ஒண்டும் போடேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

2009 மே மாதம் வட்டுவாகலைக் கடந்த சன நெரிசலில் நாங்கள் அவனை விட்டுப் பிரிந்தோம். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. செட்டிகுளம் முகாமில் இருந்த நாளிலிருந்து அம்மா பதியாத இடமில்லை.

"மாமி, கனவருசமாச்சு..." என்று செயலாளர் தயங்கினார். அவரும் அந்த அணியில் தம்பியோடு விளையாடியவர்தான்.

"தம்பி, வாயால சொன்னால் காத்தோட போயிடும். அச்சில வந்தால் அது நிண்டிடும். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு குழி இருக்கெண்டு பேரன் சொன்னவன். என்ர பிள்ளைக்கு அதைக் காட்டிப்போட்டு அந்தச் சொல்லைப் போடுங்கோ."

அரசாங்கமே இதை ஒருவிதத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. காணாமற்போனவர் இறந்தார் என்று சொல்லாமல், அவர் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. அப்படியிருக்க ஒரு கழக மலர் ஏன் அவசரப்பட வேண்டும்?

வழி சொன்னவன் மகன்தான். "எல்லாருக்கும் விளையாடின காலத்தை மட்டும் போடுங்கோ அண்ணை."

செயலாளர் மற்ற வீடுகளுக்கும் போய்க் கேட்டார். எல்லோரும் அம்மாவைப் போல் சொல்லவில்லை. முப்பத்தொன்று கதை சொன்ன சகோதரி, "எனக்கு அந்தச் சொல் வேணும். நான் அவரைக் கையால மண் போட்டு அனுப்பினனான். அது எனக்கு மரியாதை" என்றார். அதுவும் சரிதான். எனவே எல்லோருக்கும் விளையாடிய காலத்தைப் போட்டு, கேட்ட வீடுகளுக்கு மட்டும் அந்தச் சொல்லையும் போட்டார்கள். தம்பியின் பெயருக்கு நேரே '2002 – 2008' என்று மட்டும் இருக்கிறது.

மலர் வந்த அன்று அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பன்னிரண்டாவது எண்டால் என்ன ராசா?" என்று பேரனைக் கேட்டார்.

"வெளியில இருக்கிறவர் அம்மம்மா. தேவைப்பட்டால் உள்ள வருவார்."

"அப்ப எப்பவும் வரலாம்தானே" என்றார் அம்மா.

கோல் காப்பாளர் இடம் தம்பிக்குக் கிடைக்கவில்லை என்ற என் கோபம் அந்த இடத்தில் முடிந்தது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு கழகம் இருந்திருக்கும். அல்லது ஒரு நாடகக் குழு, ஒரு பஜனைக் கூட்டம், ஒரு மாதர் சங்கம் இருந்திருக்கும். அதன் பதிவுகளும் எங்களுடையதைப் போலவே போயிருக்கும். ஒரு கொப்பியை எடுங்கள். யார் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு, என்ன செய்தார்கள் என்று கூடியிருந்து எழுதுங்கள். யார் முதலாவது, யார் பன்னிரண்டாவது என்று சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒருவருடைய பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்பதை மட்டும் அந்த வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.