பெல்ட்டில் கடைசி ஓட்டை!

தீபாவளிக்கு நாலு நாள் லீவில் பாப்பாரப்பட்டிக்குப் போனேன். போகும்போது பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை. திரும்பும்போது கடைசி ஓட்டை! ஆபீஸில் ஒரே கிண்டல். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் மெடிக்கல் செக்கப். வெறும் வயிற்றில் சர்க்கரை 114. "இன்னும் நோய் இல்லை. ஆனா வாசப்படியில நிக்கறீங்க" என்றார் டாக்டர். அதே நோயில் கால்விரல் ஒன்றை இழந்தவர் என் அப்பா. சிரிப்பு நின்றுபோனது.

பொங்கலுக்கு உஷாராகப் போனேன். "இனிப்பு வேணாம்மா" என்றதும், "எளைச்சுப் போய் வந்து நிக்கற, பேச்சைப் பாரு!" என்று அம்மா முகம் வாடிவிட்டது. கடைசியில் ஒப்பந்தம்: பொங்கலன்று மட்டும் சர்க்கரைப் பொங்கல், ஒரே கரண்டி. மற்ற நாள் கேழ்வரகுக் களி. களியும் மாவுச்சத்துதானே? அதனால் உருண்டை ஒன்று, கீரை இரண்டு பங்கு.

காலையில் அரைமணி நடை, சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கும் பக்கமாக. சிறையில் தொழுநோய் வந்து, ரயிலில் ஏறத் தடை போட்டபோதும் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியவர் அவர். 1925 ஜூலை 23-ல் மறைந்ததும் இதே ஊரில்தான். அந்தக் கால்களை நினைத்தால் பைக் சாவியைத் தொடவே கூச்சமாக இருக்கிறது, ஸார்!

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷமாவது வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரைமணி, ஐந்து நாள். லீவு நாளில் இதற்குக்கூடவா நேரமில்லை?

மூன்றாம் நாள் காலை நான் கிளம்பியபோது, அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"நானும் வர்றேன். மெதுவாப் போடா."