முழுக்க ஆன்லைன் க்ளாஸ்னா அமெரிக்காவில் இருக்க முடியாதா? 2020-ல் நடந்தது என்ன?

எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்கு ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் கணக்கில் வரும். இது பழைய ரூல். கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் அதைத் தளர்த்தினார்கள்.

ஜூலை 6-ல் ட்விஸ்ட். வகுப்பு முழுக்க ஆன்லைன் என்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் நேரடி வகுப்பு நடக்கும் கல்லூரிக்கு மாற வேண்டும் என்றது அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத்துறை. 8-ம் தேதி ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் கோர்ட்டுக்குப் போயின. 14-ம் தேதி உத்தரவு வாபஸ்!

அப்போ எல்லாருக்கும் நிம்மதியா? இல்லை. ஜூலை 24-ல் இன்னொரு விளக்கம் வந்தது. மார்ச் 9-க்குப் பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பு முழுக்க ஆன்லைன் என்றால், அமெரிக்காவுக்குள் வர அனுமதி இல்லை.

ஒரே பல்கலைக்கழகம்தான். சீனியர் பாஸ்டனில் மதியம் 2 மணிக்கு க்ளாஸில் உட்காருவார். ஜூனியர் அதே நேரம் சென்னையில், இரவு 11.30-க்கு லேப்டாப்பைத் திறப்பார்.