முழுமைத் திட்டம்: ஆட்சேபணைக்கு உள்ள இரண்டு மாதங்கள்

ஒரு மனையின் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை அவை சொல்லாது. அதைச் சொல்வது அந்த ஊருக்கான முழுமைத் திட்டம். ‘மாஸ்டர் பிளான்’ என்று பத்திரப்பதிவு அலுவலக வாசலில் பேசிக்கொள்வது இதைத்தான். எந்தப் புல எண் குடியிருப்புக்கு, எது கடைகளுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது விவசாயத்துக்கு, புதிய சாலை யார் நிலத்தின் வழியே வரப்போகிறது, பூங்கா எங்கே என்பதையெல்லாம் 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் இந்தத் திட்டம் வரையறுக்கிறது. நடைமுறைக்கு வந்தபின் கட்டட அனுமதிகள் அனைத்தும் இதற்கு உட்பட்டவை. கோவைக்கு 1994-இல் ஒப்புதலான திட்டத்துக்குப் பிறகு, 2041-ஐ இலக்காகக் கொண்ட அடுத்த திட்டத்தின் வரைவு 2024-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. நடுவில் முப்பது ஆண்டுகள். அத்தனை காலமும் அங்கே நிலம் வாங்கியவர்கள், கடை கட்டியவர்கள், பள்ளி தொடங்கியவர்கள் எல்லோரும் 1994-இல் இழுத்த கோடுகளுக்குள்தான் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறையின் வாழ்விடத்தைத் தீர்மானிக்கும் இந்த ஆவணத்தில், ஊர்க்காரர்கள் பேசுவதற்குச் சட்டம் உறுதியாகத் தரும் காலம் குறைந்தபட்சம் இரண்டு மாதங்கள். அந்த இரண்டு மாதங்கள் கவனிப்பாரின்றிக் கழிந்துபோவதுதான் பின்னால் வரும் பல வழக்குகளுக்கும் இழப்புகளுக்கும் வேர் என்பது என் உறுதியான கருத்து.

திட்டம் உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். அரசு முதலில் ஒரு பகுதியைத் திட்டப் பகுதியாக அறிவிக்கிறது. ஒரே ஊர் மட்டும் அடங்கிய இடங்களில் அந்த நகராட்சியோ பேரூராட்சியோகூடத் திட்டக் குழுமமாக இருக்க முடியும். பல உள்ளாட்சிகள் சேர்ந்த இடத்தில் தனிக் குழுமம் அமைக்கப்படுகிறது. சென்னையைச் சுற்றிய பெருநகரப் பகுதிக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. பிற இடங்களில் இந்தப் பணியை வழிநடத்துவது டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். குழுமம் நில அளவை, மக்கள்தொகை, போக்குவரத்துக் கணக்கெடுப்புகளை நடத்தி வரைவைத் தயாரிக்கிறது. அரசின் இசைவைப் பெறுகிறது. பிறகு சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிடுகிறது. வரைவின் பிரதியை எங்கே பார்க்கலாம் என்று அந்த அறிவிப்பு சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் ஆட்சேபணையோ ஆலோசனையோ தரலாம். நேரில் பேச விரும்புகிறேன் என்று கேட்டவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும். அதன்பின் தேவையான திருத்தங்களுடன் வரைவு அரசுக்குப் போகிறது. ஒப்புதல் அறிவிப்பு அரசிதழில் வந்ததும் திட்டம் நடைமுறைக்கு வருகிறது.

இந்த வரிசையில் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் இடம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. தமிழ்நாட்டிலோ கடைசி ஒப்புதல் மாநில அரசிடமும், பெரிய நகரங்களில் வரைவுப் பணி குழுமத்திடமுமே இருக்கின்றன. அதனால் கவுன்சிலரும் ஊராட்சித் தலைவரும் தம் வட்டாரத்துக்காகப் பேசத்தக்க இடமும் பெரும்பாலும் அந்த ஆட்சேபணைக் காலம்தான். வார்டு மக்களைக் கூட்டி, வரைபடத்தை விரித்து வைத்து, மன்றத் தீர்மானமாக ஆட்சேபணை அனுப்பினால் அதற்குத் தனி எடை உண்டு. கிராமங்களில் கிராம சபையும், நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கிய பகுதி சபாக்களும் இதற்குப் பொருத்தமான இடங்கள். தெருவிளக்கையும் குப்பைத் தொட்டியையும் பேசும் அதே கூட்டத்தில் முழுமைத் திட்டத்தையும் பொருளாக வைக்கும்படி கேட்கலாம்.

திட்டம் தெரியாமல் நிலம் வாங்குவதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு 2016-இல் நேரடியாகப் பார்த்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்களைக் கல் நட்டுக் கூறுபோட்டு விற்ற மனைகளில் சேமிப்பைப் போட்ட குடும்பங்கள், விற்கவும் முடியாமல் வங்கிக் கடன் வாங்கவும் முடியாமல் நின்றன. 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தது. ஆனால் அந்தக் கட்டணத்தைக் கட்டியவர் பெரும்பாலும் வாங்கியவர்தான்; விற்றவர் எப்போதோ விலகியிருந்தார். நீர்நிலைகளின் கதை இதைவிடக் கடுமையானது. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்த்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பே அதன் ஓரங்களில் குப்பைமேடும் சாலைகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. நிலம் எந்த வகையென்று ஏட்டில் குறிக்கப்படும்போது ஏற்படும் பிழை, இருபது ஆண்டு கழித்துத் தரைத்தளத்தில் வெள்ளமாக நிற்கிறது.

வரைவைப் பார்க்கப் போகிறவர் எதைத் தேட வேண்டும்? பெரிய வரைபடத்தின் வண்ணங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். வண்ணத்துக்கு ஓரத்தில் குறிவிளக்கம் இருக்கும். திட்ட அறிக்கையில் கிராமவாரியாகப் புல எண் பட்டியலும் இருக்கும். உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்றும், புறம்போக்கானால் ஏரியா, ஓடையா, வாய்க்காலா, மேய்க்காலா, மயானமா என்றும் எழுதியிருக்கும். அதில் ஓடை என்றுள்ள எண்கள் வரைவில் எந்த வண்ணத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஓடை இரண்டு பட்டா நிலங்களுக்கு நடுவே ஒல்லியாக ஓடுவது. சிறிய அளவில் வரைந்த படத்தில் இரு பக்கத்து வண்ணமும் சேர்ந்து அதை மூடிவிட வாய்ப்புண்டு. அப்படி ஒரு எண் விடுபட்டிருந்தால், அதைச் சுட்டிக்காட்ட வல்லுநர் தேவையில்லை. பதிவேட்டின் நகல் போதும். அதேபோல, மக்கள் முப்பது ஆண்டாகக் குடியிருக்கும் நத்தம் விவசாய மண்டலமாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தை ஒட்டித் தொழில் மண்டலம் வரலாம். உங்கள் வீட்டின் குறுக்கே சாலை விரிவாக்கக் கோடு விழலாம்.

ஆட்சேபணைக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கிராமம், புல எண், வரைவு என்ன காட்டுகிறது, தரையில் உண்மையில் என்ன இருக்கிறது, எப்படி மாற்ற வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். ஆதார நகல்களை இணையுங்கள். ‘நேரில் விளக்க வாய்ப்பளிக்க வேண்டும்’ என்ற வரியை மறக்காதீர்கள். கேட்டவருக்குத்தான் அந்த உரிமை. அலுவலகத்தில் நேரில் கொடுத்து, இரண்டாம் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கி வையுங்கள். வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதியைக் கேட்டு எழுதுவதும் ஆட்சேபணையின் ஒரு பகுதியாகலாம். 1956-இலேயே தமிழுக்கு ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கணக்கெடுப்பு விவரங்களைக் கேட்பதானால் அறிவிப்பு வந்த வாரமே கேட்டுவிடுங்கள். பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தாமதமாகக் கேட்டால் பதில் வருவதற்குள் ஆட்சேபணைக் காலம் முடிந்துவிடும்.

நகரத் திட்டமிடல் வல்லுநர்களின் வேலை, சாமானியர் கருத்துச் சொல்லி அதை மேம்படுத்த முடியாது என்று ஒரு வாதம் உண்டு. சாலையின் கொள்ளளவையும் மக்கள்தொகைக் கணிப்பையும் பற்றி அது சரியாக இருக்கலாம். ஆனால் எந்தத் தெருவில் மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, எந்தக் குளத்துக்கு எங்கிருந்து வரத்துக் கால்வாய் வருகிறது என்பது அங்கே வாழ்பவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வல்லுநரின் வரைவுக்கு அந்த அறிவு சேர்வதற்காகவே சட்டம் 26-ஆவது பிரிவை வைத்திருக்கிறது. ஆட்சேபணை கேட்டால் தாமதமாகும் என்பது இன்னொரு வாதம். ஒரு திட்டத்துக்கும் அடுத்ததற்கும் முப்பது ஆண்டு இடைவெளி விழுந்த ஊரில், அந்தத் தாமதத்தைப் பொதுமக்களின் இரண்டு மாதங்கள்மேல் சுமத்துவதில் நியாயமில்லை. ஆட்சேபிப்பவர் எல்லோரும் தம் நிலத்தின் மதிப்புக்காகவே வருகிறார்கள் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அதனாலேயே நிலமில்லாதவரும் வாடகைக்குக் குடியிருப்பவரும் எழுத வேண்டும் என்கிறேன். சட்டம் ‘எவரும்’ என்றுதான் சொல்கிறது, நில உரிமையாளர் என்று சொல்லவில்லை. பேருந்து நிறுத்தமும் விளையாட்டுத் திடலும் யாருடைய சொத்து மதிப்பையும் உயர்த்தாவிட்டாலும் ஊருக்குத் தேவை. அதைக் கேட்பவர் இல்லாதபோது நில வணிகர்களின் கோரிக்கை மட்டுமே கோப்பில் மிஞ்சும்.

எழுதி என்ன பயன், எப்படியும் நிராகரித்துவிடுவார்கள் என்ற சலிப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. நிராகரிக்கப்படலாம்தான். ஆனால் உரிய காலத்தில் கொடுத்த ஆட்சேபணை பதிவாகிறது. அதைப் பரிசீலிக்காமல் தள்ளியிருந்தால், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுகும்போது அதுவே முதல் ஆதாரம். அவகாசம் இருந்தபோது ஏன் பேசவில்லை என்ற கேள்விக்கு, வாய் திறக்காமல் இருந்தவரிடம் பதில் இருக்காது.

ஒப்புதலுக்குப் பிறகும் வழிகள் அடைபட்டுவிடுவதில்லை, ஆனால் குறுகிவிடுகின்றன. திட்டத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கப்பட்ட தனியார் நிலத்தைப் பற்றி 38-ஆவது பிரிவு முக்கியமானது. வரைவு அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிக்கை வராமலும், உடன்பாட்டின் மூலம் வாங்கப்படாமலும் போனால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். சாலைக் கோட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் அனுமதி மறுக்கப்படும் சிறு உரிமையாளர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மனைப்பிரிவில் பூங்கா என்று காட்டி, அந்த வரைபடத்துக்கு அனுமதியும் வாங்கி, மனைகளை விற்ற ஒருவர், பிறகு அந்தப் பூங்காவையே விற்க இந்தப் பிரிவைத் துணைக்கு அழைப்பது வேறு விஷயம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மனைப்பிரிவில் அந்தப் பத்திரம் பதிவானதா, இடத்தைச் சுற்றி வேலி போடப்பட்டதா என்று உள்ளாட்சியிடம் கேளுங்கள். இத்தகைய இடங்களைக் காக்கக் குடியிருப்பவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டென்பதை உச்ச நீதிமன்றம் 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்பது அந்தத் தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பகுதிவாசிகள். நிலப் பயன்பாட்டு மாற்றமும் கவனிக்க வேண்டியதே. பெரிய திட்டம் ஒருமுறைதான் வருகிறது. ஆனால் விவசாய மண்டலத்தைக் குடியிருப்பாகவும் தொழிலாகவும் மாற்றக் கோரும் தனித்தனி மனுக்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. ஊரில் ஒருவராவது இவற்றைத் தொடர்ந்து பின்தொடர்ந்தால் நல்லது.

சென்னைப் பெருநகரப் பகுதிக்கு இது இப்போது அவசரமான பேச்சு. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாவது திட்டத்தின் பணிகள் நடந்துவருகின்றன. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசாணை வந்தது. அரக்கோணம் வரை நீளும் அந்த எல்லைக்குள் இதுவரை எந்த முழுமைத் திட்டத்தையும் பார்த்திராத கிராமங்கள் ஏராளம், ஏரிகளும் ஏராளம். அந்த ஊராட்சிகள் வரைவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீர்நிலைகள், வரத்துக் கால்வாய்கள், மேய்க்கால், மயானம், குடியிருப்பு நத்தம் ஆகியவற்றின் புல எண்களை அ-பதிவேட்டிலிருந்து எடுத்து, கிராம சபையில் வாசித்து, தீர்மானமாக நிறைவேற்றி, குழுமத்துக்கு இப்போதே அனுப்பிவைக்கலாம். உங்கள் ஊரின் அடுத்த கிராம சபையில் அந்தத் தீர்மானத்தை முன்மொழியுங்கள்.